52-லிருந்து 27 போனால் எவ்வளவு?

இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்துப் பாருங்கள். மேலே 52, கீழே 27, பக்கத்தில் ஒரு கழித்தல் குறி. நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். பார்த்ததும் நம் வாயில் வருவது என்ன? "கவனமே இல்ல." "கடன் வாங்க மறந்துட்டான்." "வரவர விளையாட்டுப் புத்தி."

அந்த 35 கவனக்குறைவால் வருவதில்லை. ஒற்றை இலக்கக் கழித்தல் சொல்லிக் கொடுத்தபோது, "எப்பவுமே பெரிய எண்ணுலேருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்" என்று சொல்லியிருப்போம். வீட்டிலும் சொல்கிறோம், பள்ளியிலும் சொல்கிறார்கள். பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டது. வலது பக்கம் 2-ம் 7-ம் இருக்கின்றன. பெரியது 7, சின்னது 2. ஏழில் இரண்டு போனால் ஐந்து. இடது பக்கம் ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஆக 35. சொன்ன விதியை அது ஓர் இம்மியும் மீறவில்லை.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகள் போட்ட தவறான விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த விடை எந்த வழியில் வந்திருக்கும் என்று தேடிப் பார்த்தார்கள். பிழைகள் பலவற்றுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கான வழிமுறை இருந்தது. வழிமுறையில் ஓரிடம் மட்டும் கோணல். பிள்ளை அதே கோணலோடு கணக்குக்குக் கணக்கு ஒரே மாதிரி போட்டுக்கொண்டு போகும். இதைப் படித்த பிறகு வீட்டுப்பாட நோட்டைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது. தப்பான விடை வந்தால் என் மகனிடம் நான் முதலில் கேட்பது, "எப்படிடா போட்ட? எனக்கும் சொல்லு" என்றுதான். சொல்லச் சொல்லக் கோணல் எங்கே என்று தெரிந்துவிடும். பல நேரம் அவனே பாதியில் நிறுத்தி, "இரும்மா, இரு" என்று அழித்துவிட்டு மறுபடி போடுவான்.

இதே இடத்தில் தடுக்குகிற பிள்ளைகள் நாடு முழுக்க இருக்கிறார்கள். பிரதம் அமைப்பு கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கும் ஏசர் கணக்கெடுப்பில் பிள்ளைகளிடம் கேட்கப்படுவது இந்த மாதிரிக் கணக்குதான்: இரண்டிலக்கம், கடன் வாங்க வேண்டிய கழித்தல். மூன்றாம் வகுப்பில் அதைச் செய்ய முடிந்தவர்கள் 2022-ல் 25.9 சதவீதம், 2024-ல் 33.7 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனாலும் மூன்று பேரில் இரண்டு பேருக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பாட்டு, பொம்மை, குச்சி, அட்டை என்று வகுப்பறைக்குள் பொருள்கள் நுழைந்தன. நல்ல காரியம். அதே பொருள்கள் வீட்டுக்குள்ளும் வரவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நோட்டும் பென்சிலும் கடைசியில் வரட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கழித்தல் என்றதும் நாம் சொல்லித் தருவது ஒரே ஒரு கதை. எட்டு லட்டு இருந்தது, மூன்றைத் தின்றாச்சு, மீதி எத்தனை? எடுத்துவிடுவது, குறைவது, தீர்ந்துபோவது. இந்தக் கதை பிள்ளைக்குச் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் கண்ணெதிரே லட்டு காணாமல் போகிறது. ஆனால் கழித்தலுக்கு இன்னும் இரண்டு கதைகள் உண்டு. "பஸ்ஸுக்கு 15 ரூபாய் வேணும், கையில 9 ரூபாய் இருக்கு, இன்னும் எவ்வளவு வேணும்?" இதில் எதுவும் குறையவில்லை, கூடத்தான் வேண்டியிருக்கிறது. "அக்காவுக்கு 11 வயசு, தம்பிக்கு 7 வயசு, அக்கா எத்தனை வயசு மூத்தவ?" இதில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு எண்களும் அப்படியே நிற்கின்றன, இடையில் உள்ள தூரத்தைத்தான் கேட்கிறோம். லட்டுக் கதையை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை மற்ற இரண்டையும் பார்த்ததும் கூட்டிவிடும். 11-ம் 7-ம் 18 என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்.

மூன்றில் ஒப்பிடும் கதைதான் பிள்ளைகளுக்கு மிகவும் கடினம். 1983-ல் டாம் ஹட்சன் என்பவர் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பறவைகளும் புழுக்களும் இருக்கிற ஒரு படத்தைக் காட்டி, "புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்று மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார். 25 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். கேள்வியை இப்படி மாற்றினார்: "பறவைகள் எல்லாம் பறந்து வந்து ஆளுக்கொரு புழுவைப் பிடிக்கப் போகுது. எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" 96 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். கணக்கு ஒன்றுதான். பிள்ளைக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது, நாம் கேட்ட விதம்தான் எட்டவில்லை.

இதை வீட்டில் செய்வதற்குப் படமே வேண்டாம். விருந்தாளி வந்த அன்று, "ஏழு பேர் சாப்பிட உக்காந்திருக்காங்க, தட்டு நாலுதான் இருக்கு, எத்தனை பேருக்குத் தட்டு இல்ல?" என்று கேட்டால் போதும். ஓடிப்போய் மூன்று தட்டு எடுத்து வருவார்கள். அது பழகினபின், "ஆளுங்க தட்டைவிட எத்தனை கூட?" என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த ஒப்பிடும் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, என் மாமியார்தான். என் மகனுக்கு அப்பத்தா. லீவு நாளில் இருவரும் பல்லாங்குழிப் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. ஆட்டம் முடிந்ததும் அவரவர் காய்களை எண்ணுவார்கள். "ஒனக்கு முப்பத்தொண்ணு, எனக்கு முப்பத்தொம்பது. அப்பத்தாவுக்கு எம்புட்டுக் கூட?" என்று அத்தை கேட்பார். அவன் யோசித்தால் அவசரப்படுத்த மாட்டார். இரண்டு பேர் காயையும் ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கச் சொல்வார். இவன் வரிசை முடிந்த இடத்துக்கு அப்பால் அத்தையின் வரிசையில் எட்டுக் காய் நீட்டிக்கொண்டிருக்கும். வித்தியாசம் என்பது என்ன என்று எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகக் காட்டாது. பரமபதமும் அப்படித்தான். 47-ல் பாம்பு கொத்தி 19-க்கு இறங்கினால், "எத்தனை கட்டம் போச்சு?" என்று கேளுங்கள். தோற்ற வருத்தத்தில் பிள்ளை அதை அக்கறையோடு எண்ணும்.

அடுத்தது பத்து. கழித்தல் வராத பிள்ளைகளைக் கவனித்தால், பெரும்பாலும் அவர்களுக்கு 10-க்குள் இருக்கிற ஜோடிகள் கையில் இருக்காது. 7-க்கு 3, 6-க்கு 4, 8-க்கு 2. இவை யோசிக்காமல் வரவேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது வேறு, கண்ணால் பார்த்துப் பழகுவது வேறு. நான் முட்டை அட்டையைப் பயன்படுத்தினேன். கடையில் கிடைக்கும் முப்பது முட்டை அட்டையில் ஐந்து ஐந்தாக ஆறு வரிசை இருக்கும். இரண்டு வரிசையை மட்டும் வெட்டி எடுத்தால் பத்துக் குழி. அதில் எட்டுக் கொண்டைக்கடலை போட்டால் இரண்டு குழி காலியாகத் தெரியும். எண்ண வேண்டாம், பார்த்தாலே போதும். கொஞ்ச நாளில் அட்டை இல்லாமலே அந்தக் காலிக் குழிகள் பிள்ளையின் மனதில் தெரிய ஆரம்பித்துவிடும்.

இப்போது 13-லிருந்து 8 எடுக்க வேண்டும். அட்டை நிறையப் பத்து, வெளியே மூன்று. நிறைந்த அட்டையிலிருந்து எட்டை அள்ளினால் உள்ளே இரண்டு நிற்கும். அதோடு வெளியில் உள்ள மூன்று. ஐந்து. 13, 12, 11 என்று பின்னால் எண்ணிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல். பின்னால் எண்ணுவதில் ஒரு பொறியும் இருக்கிறது. 9-லிருந்து 3 எடு என்றால் பிள்ளை "ஒம்பது, எட்டு, ஏழு" என்று மூன்று விரலை மடக்கிவிட்டு 7 என்று சொல்லும். நிற்கிற இடத்தையும் சேர்த்து எண்ணிவிட்டது. இதை வாயால் சொல்லித் திருத்த முடியாது. மாடிப்படியில் ஒன்பதாவது படியில் நிற்க வைத்து, மூன்று படி இறங்கச் சொல்லுங்கள். நின்ற படியை எண்ணக் கூடாது என்பது காலுக்குத் தெரியும்.

பின்னால் எண்ணுவதற்குப் பதிலாக முன்னால் எண்ணுவது பிள்ளைகளுக்குச் சுலபம். நம் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சிகள் சில்லறை கொடுத்ததைக் கவனித்திருக்கிறீர்களா? 63 ரூபாய்க்குச் சாமான் வாங்கி நூறு ரூபாய் நீட்டினால், அவர் 100-லிருந்து 63-ஐக் கழித்துக்கொண்டு நிற்க மாட்டார். இரண்டு ரூபாயை வைத்து "அறுபத்தஞ்சு", ஐந்து ரூபாயை வைத்து "எழுபது", பத்தை வைத்து "எண்பது", இருபதை வைத்து "நூறு". கணக்கு முடிந்தது. அவர் வைத்த 37 ரூபாய்தான் விடை. எழுதவும் இல்லை, கடன் வாங்கவும் இல்லை. இப்போது எல்லாவற்றுக்கும் போனை நீட்டி ஸ்கேன் செய்துவிடுகிறோம். சில்லறை எண்ணிக் கொடுப்பதைப் பிள்ளைகள் பார்க்கவே வழி இல்லாமல் போய்விட்டது. அதனால் நான் கொஞ்சம் சில்லறையும் பத்து ரூபாய் நோட்டுகளும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டிலேயே கடை வைத்து விளையாடுவோம். அவன் கடைக்காரன், நான் வாங்குகிறவள். பணத்தைத் தொடுவதில் அவனுக்கு இருக்கிற சந்தோஷம் ஒரு பக்கம், கணக்கு அதன் போக்கில் நடக்கும்.

52-லிருந்து 27-ஐயும் இப்படிப் போடலாம். ஒரு கோடு இழுத்து, ஒரு முனையில் 27, மறு முனையில் 52. 27-லிருந்து 30-க்கு 3. 30-லிருந்து 50-க்கு 20. 50-லிருந்து 52-க்கு 2. தாவிய தாவல்களைக் கூட்டினால் 25. நெதர்லாந்துத் தொடக்கப் பள்ளிகளில் இந்த வெறுங்கோட்டு முறையை முறையாகவே கற்பிக்கிறார்கள். எல்லாக் கணக்குக்கும் இதையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. 52-லிருந்து 3 எடுக்கச் சொன்னால் பின்னால் போவதுதான் புத்திசாலித்தனம். 52-லிருந்து 49 என்றால் முன்னால் வருவது. எதில் எப்படிப் போவது என்று பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் நாள் வரும். அந்தத் தேர்வில்தான் எண்ணைப் பற்றிய அறிவு இருக்கிறது. விடை அதற்கு அப்புறம்தான்.

இனி கடன் வாங்கும் கழித்தலுக்கு வருவோம். இதில்தான் அதிகக் கண்ணீர். இதற்கு ஒரே மருந்து ஈர்க்குச்சி. புது விளக்குமாற்றிலிருந்து கொஞ்சம் ஈர்க்குகளை உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். கட்டுவது பிள்ளையின் வேலை, நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள். தன் கையால் பத்தை எண்ணிக் கட்டிய பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பதில் நம்பிக்கை வரும்.

ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இது 52. "எனக்கு 27 குச்சி குடு" என்று கேளுங்கள். இரண்டு கட்டை எடுத்துக் கொடுப்பான். சரி. இன்னும் ஏழு வேண்டும். உதிரியில் இருப்பது இரண்டுதான். கொடுத்துவிட்டு நிற்பான். இந்த இடத்தில் நாம் வாயைத் திறக்கவே கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும், குச்சியைப் பார்க்கும், கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அப்புறம் கேட்கும்: "ம்மா, இந்தக் கட்டைப் பிரிக்கலாமா?"

பிரிக்கலாம். அந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்டுவிட்டால் கடன் வாங்குதல் என்கிற பாடம் முடிந்தது. நாம் சொல்லி அது செய்தால் பாடம் இன்னும் தொடங்கவே இல்லை.

கட்டைப் பிரித்தபின் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு மறுபடி ஐந்து கட்டு, இரண்டு உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒரு கட்டைப் பிரிக்கட்டும். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. "இப்ப மொத்தம் எத்தனை குச்சி?" சில பிள்ளைகள் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். சில பிள்ளைகள் குழம்பிப் போய் வேறு எண் சொல்லும். எண்ணட்டும், திருத்தாதீர்கள். என் மகனும் சில நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். ஒருநாள் எண்ணாமலே, "அதே அம்பத்திரண்டுதானே, இதுல என்ன கேக்குற?" என்று எரிச்சலாகச் சொன்னான். நான் காத்திருந்தது அந்த எரிச்சலுக்குத்தான். கட்டினாலும் பிரித்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது உறைத்தால்தான், நோட்டில் 5-ஐ அடித்து 4 என்று எழுதி, 2-ஐ 12 ஆக்குவது அர்த்தமுள்ள செயல். இல்லையென்றால் அது பிள்ளைக்கு வெறும் சடங்கு. சடங்கு மறந்துபோகும்.

குச்சியிலிருந்து நேராக நோட்டுக்குத் தாவாமல் நடுவில் படம் வரையச் சொல்லுங்கள். கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி வைப்பது. முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் குறியீடு என்ற இந்த வரிசைக்கு அடித்தளமாக ஜெரோம் புரூனரின் 1960-களின் எழுத்துகளைச் சொல்வார்கள். அதன் பிறகு கட்டம் போட்ட நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம்.

பள்ளியில் சொல்லித் தரும் முறைக்கும் வீட்டு முறைக்கும் முரண்பாடு வருமே என்று கேட்பீர்கள். நான் மகனிடம் சொல்வது இதுதான்: டீச்சர் சொன்ன மாதிரி எழுது, சரியா என்று பார்க்க உனக்குப் பிடித்த வழியில் மனதில் போட்டுப் பார். 25-ம் 27-ம் கூட்டினால் 52 வருகிறதா? வந்தால் சரி. வேறு யாரையும் கேட்க வேண்டாம். தன் விடையைத் தானே சோதிக்கிற பிள்ளை நோட்டை நீட்டி நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காது.

சைபர் வரும் கணக்குகள் தனி ரகம். 100-லிருந்து 37 என்றால் பக்கத்து வீட்டிலும் சைபர், அதற்கடுத்த வீட்டில்தான் கடன் என்று பிள்ளை திணறும். அதற்கு அந்த வயசுக் கணக்கு உதவும். "அக்காவுக்கும் தம்பிக்கும் இன்னைக்கு நாலு வயசு வித்தியாசம். போன வருஷம்?" அதே நாலுதான். இரண்டு பேருக்கும் ஒரு வயது குறைந்தது, வித்தியாசம் மாறவில்லை. அப்படியானால் 100-லிருந்து 37-ம், 99-லிருந்து 36-ம் ஒன்றுதானே? 99-லிருந்து 36 கழிக்கக் கடனே வேண்டாம். 63. இதைச் சொன்ன அன்று என் மகன் 1000-லிருந்து எதையாவது கழிக்கச் சொல்லி என்னையே விரட்டிக்கொண்டிருந்தான்.

முதலில் சொன்ன அந்த விதிக்கு வருகிறேன். "சின்ன எண்ணுலேருந்து பெரிய எண் போகாது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கையில் 5 ரூபாய் இருந்து மிட்டாய் 8 ரூபாய் என்றால் 3 ரூபாய் குறைகிறது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆறாம் வகுப்பில் குறை எண்கள் வரும்போது, போகாது என்று சொன்னதை நாமே திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். "குச்சி பத்தலையே, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் போதும். பொய்யும் இல்லை, கதவும் அடைபடவில்லை.

அதேபோல, "மீதி என்று வந்தால் கழி, அதிகம் என்று வந்தால் கூட்டு" என்று குறுக்குவழி சொல்லித் தருவதும் வேண்டாம். "மாலாவிடம் 8 பென்சில் இருக்கிறது. அது கமலாவிடம் இருப்பதைவிட 3 அதிகம். கமலாவிடம் எத்தனை?" அதிகம் என்ற சொல்லைப் பார்த்ததும் 11 என்று எழுதிவிடுவார்கள். கணக்கைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். யாரிடம் அதிகம் இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லட்டும்.

விரல் விட்டு எண்ணினால் திட்டாதீர்கள். விரல் அவர்கள் கூடவே இருக்கிற கணக்குப் பலகை, தேவையில்லாத நாளில் தானாக மடங்கிக்கொள்ளும். கடிகாரம் வைத்து வேகமாகப் போடச் சொல்லாதீர்கள். பயம் வந்தால் தெரிந்த 13-லிருந்து 8-ம் மறந்துபோகும். இரவு தூக்கக் கலக்கத்தில் இருபது கணக்கு போட வைப்பதைவிட, சாயங்காலம் விளையாட்டோடு மூன்று கணக்கு மேல்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் நீள்வகுத்தல் வரும். அதில் ஒவ்வொரு படியிலும் ஒரு கழித்தல் இருக்கிறது. அங்கே தடுக்கிற பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்று நினைத்து வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைக்கிறோம். பலருக்கு வராதது கழித்தல்தான். பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தால் உங்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். பிள்ளை கட்டைப் பிரிக்கலாமா என்று கேட்கும்வரை பேசாமல் இருங்கள்.